புதுப் பெட்டி, செத்த பல்ப்

பெட்டியைத் திறந்து பார்க்காமல் நான் ஒருவருக்கும் பல்ப் விற்றதில்லை. திறந்து பார்க்காமல் ஒருவரிடமிருந்தும் திருப்பி வாங்கியதுமில்லை. லண்டனில் கோலியர்ஸ் வுட் என்ற இடத்தில் கார்ச் சாமான் விற்கும் கடையொன்றின் கவுண்டருக்குப் பின்னால் என் உழைப்புக் காலத்தின் பெரும்பகுதி போனது. அங்கே எனக்கு 'சி.ஐ.டி. சரோ' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. நான் தேநீர் போட உள்ளே போனதும் சொல்வார்கள். சொல்லட்டுமே! சந்தேகப்படத் தெரியாதவளைக் கவுண்டரில் நிறுத்தினால் கடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

போன மாரிக் குளிரில் ஓய்வு பெற்றேன். இப்போது வருகிற கார்களில் பல்ப் என்று தனியாக ஒன்றே இல்லை. வெளிச்சம் போனால் விளக்கையே முழுதாகக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது பூட்ட வேண்டும். எனக்குப் பிறகு கவுண்டருக்கு வந்த இரண்டு பெண்களும் பழைய கார் ஒன்று வந்தால் திகைத்துப்போய் எனக்குப் போன் செய்வார்கள். "அக்கா, ஒரு பல்ப் விக்கிறதுக்கு ஏன் இவ்வளவு விசாரணை?" என்று போன கிழமை அவர்களில் ஒருத்தி கேட்டாள். அவளுக்குப் போனில் சொல்லி முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

நான் எங்கும் படித்து வந்தவள் அல்ல. லண்டனுக்கு வந்த புதிதில் பெட்ரோல் நிலையமொன்றில் காசு வாங்கினேன். அங்கே பெட்ரோல் அடித்துவிட்டுக் காசு கொடாமல் ஓடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே அரைவாசிப் பயிற்சி முடிந்துவிட்டது. மிச்சத்தைக் குலம் அண்ணையின் கடையில் பழகினேன். முதலில் வைப்பர், பிறகு பற்றரி, கடைசியில்தான் பல்ப் அலுமாரியின் திறப்பு என் கைக்கு வந்தது.

குலம் அண்ணைதான் முதலாளி. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்பார், அவ்வளவுதான். "சரோ, அந்தப் பெட்டி உடைச்சு வந்ததோ, நீர் உடைச்சனீரோ?" என்று காலையில் கேட்பார். மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டே அதையே கேட்பார். பின்னேரம் ஷட்டரை இழுக்கும்போது, அப்போதுதான் நினைவு வந்தவர் போல இன்னொரு தரம் கேட்பார். மூன்று பதிலும் ஒன்றாக இருந்தால் பாதி நம்புவார். மற்றப் பாதியைக் கடைசிவரை தரமாட்டார். வந்த புதிதில் எனக்கு அழுகை வரும். போகப் போக நானும் அப்படியே ஆகிவிட்டேன். என் வீட்டுக்காரரிடம்கூட 'பால் வாங்கினீங்களோ' என்று மூன்று தரம் கேட்டு வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

பல்ப் விற்பது இப்படித்தான். கார் நம்பரைக் கணினியில் அடித்தால் அது ஒரு பெயர் சொல்லும். அதை நம்பக் கூடாது. ஒரே வருடத்து ஒரே காருக்கு இரண்டு வகை விளக்கு போட்டிருப்பார்கள், அல்லது முன்னால் வைத்திருந்தவர் விளக்கையே மாற்றியிருப்பார். ஆகவே வெளியே போய்க் காரைப் பார்க்க வேண்டும். விளக்குக் கண்ணாடியிலேயே வகை எழுதியிருக்கும். பழைய சின்னக் கார்களில் அநேகமாக எச் ஃபோர். ஒரே பல்புக்குள் இரண்டு இழை, கிட்டப் பார்க்க ஒன்று, தூரப் பார்க்க ஒன்று. அடித் தகட்டில் மூன்று காது.

பின்பக்கத்து வயர்ப் பிளக்கைப் பிடுங்கி, ரப்பர் மூடியை உரித்து, கம்பிக் கொக்கியை அமத்தி விலக்கினால் பழைய பல்ப் கையோடு வரும். புதியதைத் தகட்டில்தான் பிடிக்க வேண்டும், அதுவும் டிஷ்யூவால். கண்ணாடியில் விரல் படவே கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் வெந்து, வீங்கி, பல்ப் அற்பாயுளில் போய்விடும். மூன்று காதும் தன் தன் இடத்தில் உட்கார்ந்தால்தான் வெளிச்சம் ரோட்டில் விழும். இல்லாவிட்டால் எதிரே வருகிறவனின் கண்ணில் விழும்.

இதற்குள் எத்தனை திருகுதாளம்! புதுப் பல்பை வாங்கிக்கொண்டு போய்ப் பூட்டிவிட்டு, செத்ததைப் புதுப் பெட்டிக்குள் வைத்து, "அக்கா, இது வேலை செய்யேல்லை" என்று பால் குடித்த பூனை மாதிரி வந்து நிற்பார்கள். ஒரு நாளும் எரியாத பல்புக்கும் எரிந்து செத்த பல்புக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதாம்! பிடித்த செத்த பல்புகளை கவுண்டருக்கு அடியில் இழுத்துத் திறக்கும் லாச்சி ஒன்றுக்குள் போட்டு வைத்திருந்தேன். ஒரு மாப்பிள்ளை தன் பழைய காருக்கு இணையத்தில் எல்.இ.டி. பல்ப் வாங்கிப் பூட்டியிருந்தார். அந்த விளக்குக்கு அது பொருந்தாது, வருடா வருடம் காருக்குச் செய்யும் எம்.ஓ.டி. சோதனையில் விழுத்திவிடுவார்கள். அவர் என்னிடம் வந்து கேட்டது என்ன தெரியுமா? "அன்ரி, டெஸ்டுக்கு மட்டும் ரெண்டு சாதாரண பல்ப் வாடகைக்குத் தாங்கோவன், பின்னேரம் கொண்டுவாறன்." பல்ப் வாடகைக்கு! கலியாணத்துக்குக் கதிரை எடுக்கிற மாதிரி! நான் சிரித்த சிரிப்பில் அவர் பிறகு கடைப் பக்கமே வரவில்லை.

இப்படி இருந்த காலத்தில்தான் ரஞ்சி வந்தாள்.

ரஞ்சினி என்று முழுப் பெயர். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். வயதானவர்களை வீட்டுக்கு வீடு போய்ப் பராமரிக்கும் கெயர் வேலை அவளுக்கு. விடிய முந்தி மிச்சம் என்கிற ஊரில் ஒரு கிழவரை எழுப்பிக் குளிப்பாட்ட வேண்டும், அங்கிருந்து மோர்டனில் இன்னொருவர், பொழுதுபட்ட பிறகும் இரண்டு மூன்று வீடு. மாரி காலத்தில் அவள் வேலை முழுக்க இருட்டுக்குள்தான். கார் பழைய ஜப்பான் கார். இடப்பக்க பல்ப் போய்விட்டதென்று வந்து, இரண்டு பக்கத்துக்கும் சோடியாக வாங்கினாள். மூன்று கிழமையில் திரும்பி வந்தாள்.

"அக்கா, இது எரியேல்லை."

பெட்டியைத் திறந்தேன். இழை அறுந்திருந்தது. கண்ணாடியில் ஒரு பக்கம் மண்ணிறமாக வட்டமான ஒரு கறை, அந்த இடத்தில் கண்ணாடி மெல்லிதாக வீங்கியும் இருந்தது.

"கண்ணாடியிலை கை வைச்சனீங்களோ?"

"இல்லை அக்கா. என்ரை மனிசன் முந்தி டிரைவரா வான் ஓடினவர். கையாலை தொடக் கூடாது எண்டு சொல்லித் தந்தவர். டிஷ்யூவாலை பிடிச்சு நானேதான் போட்டனான்."

மாற்றிக் கொடுத்தேன். அடுத்த மாதம் வலப்பக்கம் போனது. பிறகு திரும்பவும் இடப்பக்கம். ஒவ்வொரு முறையும் அதே கதை, அதே கறை. எனக்கு மூக்கில் வியர்த்தது. 'ஓகோ, இவ எங்கேயோ செத்த பல்ப் பொறுக்கிக்கொண்டு வந்து எங்களிடம் புதுசு வாங்குகிறா' என்று முடிவே கட்டிவிட்டேன். அடுத்த பல்பைக் கொடுக்கு முன் அதன் தகட்டின் அடியில் என் சிவப்பு நெயில் பொலிஷால் ஒரு சின்னக் கோடு இழுத்து வைத்தேன். அது செத்துத் திரும்பி வரும்போது கோடு இராது, ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று காத்திருந்தேன்.

வந்தது. கோடும் இருந்தது. நான் விற்ற அதே பல்ப்தான். உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றமாகத்தான் போனது.

பிறகு கடைக்குப் பல்ப் அனுப்புகிறவர்கள் மேல் சந்தேகம் விழுந்தது. யாரோ பாவித்த பல்பைத் துடைத்துப் பெட்டியில் அடைக்கிறார்களோ என்று அலுமாரியில் இருந்த எச் ஃபோர் எல்லாவற்றையும் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றிலும் கறை இல்லை. மலிவாகக் கிடைத்ததென்று குலம் அண்ணையே மட்டச் சாமான் இறக்கிவிட்டாரோ என்றும் யோசித்தேன். முதலாளியைச் சந்தேகப்படக் கூடாதென்று எங்கே எழுதியிருக்கிறது? ஆனால் அதே பல்ப் மற்றவர்களின் கார்களில் வருடக் கணக்காக எரிந்தது. இன்னொன்றும் கவனித்தேன். ரஞ்சி கொண்டுவந்த பல்புகளில் அந்தக் கறை ஒவ்வொரு தரமும் பெரிதாகிக்கொண்டே வந்தது. விரல் பட்டால் அப்படி வராது. அது அழிந்து சிதறிய அடையாளமாக இருக்கும், இப்படி அளவெடுத்த வட்டமாக இராது.

ஒரு வெள்ளிக்கிழமை ரஞ்சி வந்தபோது அவள் முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, நேற்று பொலிஸ் மறிச்சிட்டாங்கள். ஒற்றை லைட்டோடை போறன் எண்டு. அதாலை மோர்டன் வீட்டுக்குப் பிந்திப் போட்டன். சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொல்லிப்போட்டா, இன்னொருக்கா லைட் இல்லாமல் பிந்தினால் என்ரை ரவுண்டை வேறை ஆளுக்குக் குடுத்துப் போடுவினமாம். கார் இல்லாமல் எனக்கு அந்த வேலை இல்லை. வேலை இல்லாட்டி வீட்டிலை ஒருத்தரும் உழைக்கிறேல்லை. இவர் ஸ்ட்ரோக் வந்து படுக்கையிலை."

குலம் அண்ணை கேட்டுக்கொண்டு நின்றார். அவள் மாற்றிக் கொடுத்த பல்போடு காருக்குப் போனதும் தன் மெல்லிய குரலில், "சரோ, இனி மாத்திக் குடுக்க ஏலாது. வேறை கடை பார்க்கச் சொல்லும்" என்றார்.

"அண்ணை, இந்த ஒருக்கா மட்டும். காரை இஞ்சை கொண்டுவரச் சொல்லி நானே பூட்டிப் பார்க்கிறன்."

"நீர் அந்தப் பிள்ளையை நம்புறீரோ?"

"நம்பேல்லை. ஆனால் அவ பொய் சொல்லுறா எண்டும் நம்பேல்லை."

அவர் ஷட்டர் இழுக்கும்போது அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன். "அப்ப கடைசித் தரம்" என்றார். ரஞ்சி பல்பை அன்றே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தாள். அவளுக்குப் போன் செய்து, பூட்ட வேண்டாம், நாளைக்குக் காரோடு பல்பையும் கொண்டு வாருங்கள் என்று சொன்னேன்.

சனிக்கிழமை காலை கடை முன்றலில் காரின் பொனற் மூடியைத் திறந்தேன். என்ஜினை ஓடவிட்டு மீற்றரை வைத்து மின்சாரம் கூடுதலாக வருகிறதா என்று பார்த்தேன். அளவாகத்தான் வந்தது. பிளக் கருகவில்லை. ரப்பர் மூடி கிழியவில்லை, விளக்குக்குள் ஈரமும் இல்லை. காரில் ஒரு குற்றமும் இல்லை. சரி, பல்பைத் தாருங்கள் என்று கையை நீட்டினேன். ரஞ்சி கைப்பையிலிருந்து பெட்டியை எடுத்து, எதையோ கோயிலிலிருந்து கொண்டு வந்தவள் போல இரண்டு கையாலும் தந்தாள். வழக்கம்போல் திறந்து பார்த்தேன்.

கண்ணாடியின் நட்ட நடுவில் ஐந்து பென்ஸ் நாணய அளவில் ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவே குங்குமம்.

"ஐயோ ரஞ்சி! உதென்ன உது?"

"சந்தனம் அக்கா." அவளுக்கு என் சத்தம் விளங்கவில்லை. "புதுச் சாமான் எண்டால் சாமிக்கு முன்னாலை வைச்சுப் பொட்டு வைச்சுத்தானே பாவிக்கிறது. இவர்தான் வைக்கிறவர்."

"கண்ணாடியைத் தொடேல்லை எண்டு சொன்னீங்களே!"

"தொடேல்லை அக்கா. அவர் கை படக் கூடாது எண்டு நெருப்புக் குச்சியாலை வைக்கிறவர். வலக்கை ஏலாது, இடக்கையாலைதான். அரை மணித்தியாலம் எடுக்கும். ஒவ்வொருக்காவும் பல்ப் போகப் போக, சாமிக்கு உது போதாது போலை எண்டு அவர் கொஞ்சம் பெரிசா வைக்கிறவர்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. விரல் எண்ணெய்க்கே வேகிற கண்ணாடி, அப்பிய சந்தனத்துக்கு என்ன பாடு படும்! நான் விளக்கிச் சொல்லச் சொல்ல ரஞ்சியின் முகம் வெளுத்தது. அப்படியே கடை வாசல் படியில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

"அழாதேங்கோ பிள்ளை. இப்ப தெரிஞ்சிட்டுதுதானே. ஸ்பிரிட் கொஞ்சம் துணியிலை எடுத்து இந்தப் பொட்டை அழிச்சால் போச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அவர் வைச்ச பொட்டை என்ரை கையாலை அழிக்கச் சொல்லுறியளோ அக்கா? அவர் கிடக்கிற கிடையிலை?"

துணியைக் கீழே வைத்துவிட்டேன். அவள் கையால் மட்டுமல்ல, என் கையாலும் அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

"அப்ப இனித் தகட்டிலை வைக்கச் சொல்லுங்கோ."

"ஏன் எண்டு கேட்பார். வான் ஓடின மனிசன் அக்கா, கேட்ட உடனை விளங்கிவிடும். தன்னாலைதான் என்ரை வேலை போகப் பார்த்தது எண்டு தெரிஞ்சால் அவர் தாங்கமாட்டார். ஒரு நாளைக்கு அவர் எனக்கெண்டு செய்யிறது அது ஒண்டுதான். பல்ப் வாங்கினனியோ, கொண்டா எண்டு பின்னேரத்திலை இருந்து காத்துக் கிடப்பார். இவருக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, உங்களைக் கும்பிட்டன்."

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். பொட்டு வைத்த பல்பை அப்படியே பெட்டியோடு டாஷ்போர்ட் லாச்சிக்குள் வைத்தோம். இடப்பக்கத்துக்குக் கடையிலிருந்து சுத்தமான ஒன்றை எடுத்துப் பூட்டினேன். வலப்பக்கத்தில் இருந்ததும் பொட்டு வாங்கின பல்ப்தான், எந்த நேரமும் போகலாம். அதையும் மாற்றினேன். ஆனால் மற்றப் பக்கத்துக்கும் ஒன்று வாங்கி வா என்று நேசன் அண்ணை, அதாவது ரஞ்சியின் வீட்டுக்காரர், சொல்லி அனுப்பியிருந்தார். பொட்டு வைக்க அவருக்கு ஒரு பல்ப் வேண்டும். வைத்த பிறகு அது காருக்கு உதவாது. சாமிக்கு முன்னால் வைத்து எடுக்க எரிகிற பல்ப் எதற்கு என்று என் புத்தி கெட்டித்தனமாக ஓடியது. செத்த பல்புகளைப் போட்டு வைத்த கடை லாச்சியைத் திறந்து, கண்ணாடி பளிச்சென்று இருந்த ஒரு செத்த பல்பை எடுத்துப் புதுப் பெட்டிக்குள் வைத்து ரஞ்சியின் கையில் கொடுத்தேன். இரண்டு பேருமாகச் சிரித்தோம்.

திங்கட்கிழமை மத்தியானம் கடைப் போன் அடித்தது. குலம் அண்ணை எடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு என்னிடம் நீட்டிவிட்டு அங்கேயே நின்றார்.

"தங்கச்சி, நான் ரஞ்சியின்ரை மனிசன் கதைக்கிறன்." நாக்கு இழுத்து இழுத்துத்தான் சொல் வந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவு. "நீங்கள் குடுத்துவிட்ட பல்பை யன்னல் வெளிச்சத்திலை பிடிச்சுப் பார்த்தனான். இழை அறுந்து கிடக்கு. செத்த பல்ப்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இவ்வளவு நாளும் நான் யோசிச்சனான், என்னடா புதுப் பல்ப் இப்பிடிப் போகுது எண்டு. இப்ப விளங்குது. பழசுகளைப் புதுப் பெட்டியிலை போட்டு அந்த ஒண்டும் தெரியாத பேய்ச்சியின்ரை தலையிலை கட்டினனீங்கள். நான் படுக்கையிலை கிடக்கிறன் எண்டு நினைச்சியள். கண் இன்னும் கிடக்குத் தங்கச்சி."

பொட்டைப் பற்றி ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும், நான் தப்பிவிடுவேன். கவுண்டரில் என்னைக் கள்ளி என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. நான்தான் மற்றவர்களைச் சொல்லியிருக்கிறேன். குலம் அண்ணை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிழை எங்கட பக்கம்தான் அண்ணை" என்றேன்.

"பிழை இல்லை. களவு. களவு எண்டு சொல்லுங்கோ."

"ஓம் அண்ணை. களவுதான்."

"இனிமேல் பல்ப் வந்தால் முதல் நான் பார்த்துத்தான் போடுறது. சொல்லிப்போட்டன்" என்று போனை வைத்தார்.

குலம் அண்ணை ஒன்றும் கேட்கவில்லை. பின்னேரம் ஷட்டர் இழுக்கும்வரை காத்திருந்தேன், அப்போதும் கேட்கவில்லை. எனக்குத்தான் பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, "அப்ப நாளைக்கு நல்ல பல்பா ஒண்டு அனுப்பும். அந்தாள் பிடிச்சுப் பார்க்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பல்பும் பொட்டோடு டாஷ்போர்ட் லாச்சிக்குள் போனது. காரில் பூட்டியிருந்த ரஞ்சியின் விளக்குகள் அதன் பிறகு அணையவில்லை. ரவுண்டும் போகவில்லை. அவள் கடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வீட்டில் நேசன் அண்ணை எழுந்து தலையணையில் சாய்ந்து இருக்கிறாராம். வருகிற போகிற எல்லோருக்கும், தான் கட்டிலில் கிடந்தபடியே ஒரு கள்ளக் கடையைப் பிடித்த கதையைச் சொல்கிறாராம். தான் கண்டுபிடித்திராவிட்டால் வேலை போயிருக்கும் என்று அவளுக்கும் சொல்லிச் சொல்லி, இரண்டு வாய் கூடச் சாப்பிடுகிறாராம்.

போன மாதம் கோயில் திருவிழாவில் அவர்களைக் கண்டேன். அவர் சக்கர நாற்காலியில் இருந்தார், ரஞ்சி பின்னால் தள்ளிக்கொண்டு வந்தாள். அவளுடைய கைப்பை நாற்காலியின் கைபிடியில் தொங்கியது. "அக்கா!" என்று வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டாள். இது ஆர் என்று அவர் கேட்க, பல்ப் கடை அக்கா என்று அவளும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நான் கும்பிட்டேன். நேசன் அண்ணை கும்பிடவில்லை. என்னை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்தார். பிறகு இடக்கையால் கைப்பையைத் தொட்டு, ரஞ்சிக்குக் கண்ணைக் காட்டினார். அவள் என் முகத்தைப் பார்த்தபடியே அதைக் கழற்றித் தன் தோளில் மாட்டி, பையின் ஸிப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.